அகலக்கால் வேண்டாம், அடுத்த அடி வைக்கலாம்!

பழமொழி சொல்வதில் நம் பெரியவர்களை மிஞ்ச முடியாது. "அகலக்கால் வைக்காதே" என்பார்கள். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே வாயால், "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்றும் சொல்லிவிடுவார்கள்! இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? அதுவும் துணிந்த'வனு'க்குத்தான் துக்கமில்லையாம். துணிந்தவளுக்கு என்ன என்று எந்தப் பழமொழியும் சொல்லக் காணோம்.

தெரிந்த வேலையையே செய்துகொண்டிருப்பதா, புதிதாக ஒன்றில் இறங்குவதா என்ற கேள்வி எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் நமக்கு வரும்போது அது கொஞ்சம் கனமாகவே வருகிறது. நாம் போடும் முதல், உபரியாக பாங்கில் கிடக்கும் பணமா என்ன? கையில் கிடக்கும் வளையல், பிள்ளையின் அடுத்த டெர்ம் ஃபீஸ், சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுப் பணம் இவைதானே!

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படலாம்.

நான் மாயவரத்துக்காரி. 2013-ல் தெருவில் நாலு வீட்டுக்கு என்று வடாம், வற்றல் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். மாசி பிறந்தால் ஆனி வரைக்கும் மொட்டை மாடிதான் எனக்கு ஆபீஸ். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததே, அப்போது என் கணவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடையில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அந்த வருஷம் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டியது வடாம்தான். அதுவரை "பொழுதுபோக்கு" என்று பெயர் வாங்கியிருந்த என் வேலைக்கு, அன்றிலிருந்து வீட்டில் மரியாதை கூடியது.

ஆனால் மழை வந்துவிட்டால் வருமானம் பூஜ்யம். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2022 தை மாதம் என் மகள் ஒரு யோசனையோடு வந்தாள். கேக் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே கேக் செய்து விற்கலாம் என்றாள். பெரிய ஓவன், க்ரீம் அடிக்கும் மிஷின், அச்சுகள், தனியாக ஒரு ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய். என் இரண்டு வளையல்களை அடகு வைத்தால் சரியாக வரும் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா மொட்டை மாடியும் காக்காயும்? பிறந்த நாள்னா இப்போ எல்லாரும் வீட்டுல செய்ற கேக்கைத்தான் தேடறாங்க" என்றாள்.

என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஓடுற பொழப்பை விட்டுட்டுப் புதுசா எதுக்கும்மா? கேக் திங்காம யாரும் செத்துப்போயிடலை" என்றார்.

என் கணவரோ, "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று ஒதுங்கிக்கொண்டார். ஆண்கள் இப்படிச் சொன்னால், காரியம் பலித்தால் "நான் அப்பவே சொன்னேனே" என்றும், கவிழ்ந்தால் "நான் அப்பவே நினைச்சேன்" என்றும் சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம்!

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகள் சொன்னபடி, ஒரே வேலையை நம்பிக்கொண்டு இருப்பதும் ஆபத்துதான். கணவரின் சம்பளம் நின்றபோது அதைக் கண்கூடாகப் பார்த்தோமே! அத்தை சொன்னபடி, ஓடுகிற வண்டியிலிருந்து குதிப்பதும் ஆபத்துதான். அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதினேன்.

இது கவிழ்ந்தால் எவ்வளவு போகும்? போவது யாருடையது? போனதைத் திரும்பச் சேர்க்க எத்தனை நாளாகும்?

முதல் கேள்விக்குப் பதில் 65,000 ரூபாய், அதோடு வட்டி. இரண்டாவதுக்கு, வளையல் என் கையில் கிடந்தாலும் அது என்னுடையது மட்டுமில்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்று திடீரென்று வந்தால் வீட்டில் எல்லாருக்கும் அதுதான் ஆதாரம். மூன்றாவதுக்கு, இரண்டு கோடை முழுக்க வடாம் போட்டால்தான் வளையல் மீளும். கேக் நல்ல தொழிலா, கெட்ட தொழிலா என்பது வேறு விஷயம். அதில் விழுந்தால் எங்கள் வீடு தாங்குமா என்பதுதான் என் கவலை. தாங்காது என்று தாள் சொல்லிவிட்டது.

அதற்காக மகளிடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாடி வீட்டு மாமியிடம் ஒரு சின்ன ஓவன் சும்மா கிடந்தது. அதை இரவல் கேட்டு வாங்கினோம். 3,000 ரூபாயை ஒரு டப்பாவில் போட்டேன். பத்து வாரம், இந்த மூவாயிரம். இது போனால் ஒருத்தரும் முகம் சுளிக்கக் கூடாது, ஒருத்தரையும் குத்திக் காட்டக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். பணத்தை எண்ணி வைப்பதைவிட இந்தப் பேச்சுதான் முக்கியம், சகோதரிகளே! நஷ்டத்தைவிட, நஷ்டத்துக்கு அப்புறம் வரும் சண்டைதான் பல வீடுகளில் பெண்களை அடுத்த முயற்சிக்கே போக விடாமல் செய்கிறது.

பத்து வாரத்தில் பதினான்கு கேக் விற்றது. செலவெல்லாம் போகக் கைக்கு நின்றது 1,150 ரூபாய். ஒரு கேக்குக்கு நாலைந்து மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. சித்திரை பிறந்ததும், ஏ.சி. இல்லாத எங்கள் சமையலறையில் க்ரீம் நிற்கவே இல்லை. ரோஜாப்பூ வைத்தால் ரோஜா வழிந்து ஓடுகிறது! கடைசி வாரம் மகளே, "இதுக்கு வளையல் வேண்டாம்மா" என்றாள். நான் சொல்லியிருந்தால் அவளுக்கு மனத்தாங்கலாக இருந்திருக்கும். அவள் கணக்கே அவளுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பத்து வாரம் வீண் போகவில்லை. சரியாக நிறுத்து விலை போடவும், போனில் ஆர்டர் எடுக்கவும், கண்ணைப் பறிக்கிற மாதிரி போட்டோ எடுக்கவும் கற்றுக்கொண்டாள்.

மழைக்காலத்து ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் பலம் என்று எதைச் சொல்வது? வடாம் போடத் தெரிவதையா? அது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியுமே! பின்னே ஏன் என்னிடம் வாங்குகிறார்கள்? வழக்கமாக வாங்கும் ஒரு அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "உங்க வடாம் அடுத்த கோடை வரைக்கும் பூச்சி, பூசணம் இல்லாம இருக்கு. அதான்" என்றார்.

ஆக, என் கைக்குத் தெரிந்தது பதமும் காய்ச்சலும்தான். ஈர விரலால் தொட்டுக் கூழ் ஒட்டாமல் வரும் பதம் தெரியும். காய்ந்த வடாம் எப்போது டப்பென்று ஒடியும் என்று தெரியும். உள்ளே கொஞ்சம் ஈரம் நின்றாலும் பூசணம் பூத்துவிடும் என்று தெரியும். க்ரீம் கேக்கோ ஈரத்திலேயே இருக்கிற பண்டம். முட்டை, பால், க்ரீம் எல்லாம் சேர்ந்தது. ஒன்றிரண்டு நாளில் தீர்ந்தாக வேண்டும். ஈரத்தை விரட்டியே பழகிய கை என்னுடையது!

அப்படியென்றால் ஈரமில்லாத வேறு பண்டம் எது? பொடி! பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி. வாணலிச் சூட்டிலேயே ஈரம் போய்விடும், வெயிலே வேண்டாம். நன்றாக ஆறவிட்டு அரைத்து, உலர்ந்த டப்பாவில் அடைத்தால் போதும். ஆடி மாதம் 600 ரூபாய் முதல் போட்டு, 125 கிராம் பாக்கெட்டாக 24 போட்டேன். வடாம் வாங்குகிறவர்களே வாங்கிக்கொண்டார்கள். லேபிளும் போட்டோவும் மகளின் கைவண்ணம். அந்த ஐப்பசி அடைமழையில் முதல் தடவையாகக் கையில் காசு புழங்கியது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொண்டேன். வீட்டிலிருந்து சின்ன அளவில் விற்றாலும் இந்தப் பதிவு அவசியம், மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பின்தெருவில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். இருபது வருஷமாக ரவிக்கை மட்டும்தான் தைப்பார். "சுடிதார் தையுங்களேன்" என்று எத்தனையோ பேர் சொல்லியும், "எனக்கு ரவிக்கைதான் கைவந்தது" என்று இருந்துவிட்டார். அதில் அவருக்குக் குறையொன்றும் வரவில்லை. 2020-ல் கல்யாணங்கள் நின்றபோது ரவிக்கைக்கும் ஆளில்லை. அன்றைக்கே வெட்டுத் துணியை எடுத்து முகக்கவசம் தைக்க உட்கார்ந்துவிட்டார். அதே மிஷின், அதே நூல், அதே நேர்த்தையல். பண்டம்தான் புதிது. கல்யாணங்கள் திரும்ப வந்ததும் ரவிக்கைக்கே போய்விட்டார். இழந்தது ஒன்றுமில்லை.

பெரிய இடத்துக் கதையும் இதையேதான் சொல்கிறது. லிஜ்ஜத் அப்பளம் நம் எல்லாருக்கும் தெரியும். 1959 மார்ச் 15-ஆம் தேதி, பம்பாய் கிர்காவில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் ஆரம்பித்தது அது. முதல் 80 ரூபாய், அதுவும் கடன். முதல் நாள் விற்பனைக்குப் போனது நாலே பாக்கெட். ஏன் அப்பளம்? அவர்களுக்குக் கைவந்தது அதுதான். முதல் மழைக்காலத்தில் காயவைக்க வழியில்லாமல் நாலு மாதம் வேலை நின்றது. அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே ஸ்டவ்! படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நம்ம வீட்டு யோசனை மாதிரியே இல்லை?

அப்புறம் எழுபதுகளில் புதுப்புது வேலைகளில் இறங்கினார்கள். மசாலாப் பொடி நிலைத்தது. தீப்பெட்டி, தோல் வேலை, ஊதுவத்தி ஆகியவை நிலைக்கவில்லை. ஆனாலும் சங்கம் விழவில்லை. அப்பளம் தாங்கிக்கொண்டது. அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பழையதைக் கைவிடாமல் இருந்ததால்தான் புதியதில் தோற்கவும் அவர்களால் முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னது பணம் போகக்கூடிய துணிச்சல். இன்னொரு வகை உண்டு. அதில் போவது பணமில்லை, வெட்கம். "நாலு பேர் சிரிப்பாங்களே" என்பது.

என் நாத்தனார் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். 41 வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறேன் என்றாள். "பிள்ளைங்களோட பிள்ளையா உக்காரணுமே அண்ணி, கூச்சமா இருக்கு" என்று என்னிடம் அழுதாள். மூன்று கேள்விகளையும் அவளிடம் கேட்டேன். போனால் போவது பரீட்சைக் கட்டணமும் கொஞ்சம் கூச்சமும். அது அவளுடையது மட்டும். திரும்பச் சேர்க்க ஒரு வாரம் போதும்! முதல் தடவை கணக்கில் போய்விட்டது. துணைத்தேர்வில் தேறினாள். சிரிப்பதற்கு ஒருவரும் வரவில்லை. அவரவர்க்கு அவரவர் வேலை!

நம்மில் பலர் வெட்கம் போவதையும் வளையல் போவதையும் ஒரே தராசில் வைத்துப் பயப்படுகிறோம். கடைக்காரரிடம் "என் பொடியையும் வைப்பீங்களா?" என்று கேட்பது, சைக்கிள் கற்றுக்கொள்வது, நாலு பேர் முன்னால் பேசுவது போன்றவற்றுக்கு வெட்கம் மட்டும்தான் முதல். இதற்கெல்லாம் காலண்டர் தாள்கூட வேண்டாம். இறங்கிவிடுங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தைப் போல உடம்பும் தூக்கமும் முதல்தான். ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுத்துவிட்டு, காலையில் பத்து டிபனுக்கு ஆர்டர் எடுப்பது அகலக்கால். குழந்தை அழுதால் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய வேலையாகப் பாருங்கள். தையல், ஊசிவேலை, எழுத்து, பாடம் என்று எத்தனையோ இருக்கின்றன. குழந்தை பள்ளிக்கூடம் போனபின் மற்றது. ஒத்திப்போட்டது ஓடிப்போகாது.

உங்கள் கைக்கு என்ன தெரியும் என்று நீங்களே கணக்கெடுக்க வேண்டாம். நமக்கு அது கண்ணில் படாது. உங்களிடம் வந்து கேட்டு வாங்குகிறவர்களை, யோசனை கேட்டு வருகிறவர்களை விசாரியுங்கள். "ஏன் என்கிட்ட வர்றீங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்குமே என்கிறீர்களா? அதற்கும் வெட்கம்தானே முதல்!