முப்பத்திரண்டு போர்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மாமா பையன் போன் பண்ணினான். சென்னையில் பெருங்குடிப் பக்கம் அடுக்குமாடி வாசம், சாஃப்ட்வேர் உத்தியோகம். எடுத்த எடுப்பில், ''அத்தான், எந்த போர் நல்லது?'' என்றான்.

ராஜபாளையத்து ஆள் 'போர்' என்று சொன்னால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வரும். அய்யனார் கோயில் ரோட்டில் மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. கோடையில் கிணறு கைவிட்டிருக்கும், பையன் பொறுப்பாக விசாரிக்கிறான் என்று நினைத்து, ''ஆறரை இஞ்ச் போடுடா. நாலரை இஞ்ச் போட்டா பின்னாடி மோட்டார் இறக்க சிரமம்'' என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்.

''நான் துப்பாக்கி போரைக் கேக்கறேன் அத்தான்.''

விஷயம் இதுதான். மாமாவுக்கு எழுபத்து நாலு வயதாகிறது. 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு எழுபது வயது முடிந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். மாமா இரண்டு கணக்கிலும் பாஸ். 'உன் பேருக்கு மாத்திக்கடா' என்கிறார். பையனுக்கு ஆசைதான். ஆனால் அப்பாவின் பழைய .32 ரிவால்வர் அவனுக்குப் போதவில்லை. ''மாத்துறதுதான் மாத்துறோம், கொஞ்சம் பெரிசா ஒரு 9 எம்.எம். வாங்கிடலாமா? இவ ராத்திரி தனியா கார் ஓட்டிட்டு வர்றா, எனக்கு பயமா இருக்கு.''

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரியும் என்று உறவுக்காரர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். நாமும் அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்வதில்லை.

முதலில் மாமாவிடம் அந்த ரிவால்வர் வந்த கதை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரியில் உங்கள் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி அங்கே நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே மாமா தறி போட்டிருந்தார். சனிக்கிழமைதோறும் கூலி பட்டுவாடா. பேங்கில் பணம் எடுத்து, ரெக்சின் பையில் போட்டு, ஸ்கூட்டரின் முன்பக்கம் மாட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் வழியில் இரண்டு பேர் மறித்துப் பையைப் பிடுங்கப் பார்த்தார்கள். பை தப்பியது, மாமாவின் முன்பல் தப்பவில்லை. 1997-ல், காமராஜர் மாவட்டம் என்ற பெயர் விருதுநகர் மாவட்டம் என்று மாறிய அதே வருடம், கலெக்டர் ஆபீசுக்கு நடையாக நடந்து, போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து லைசென்ஸ் வாங்கினார். மறு வருடம் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வர் வந்தது. ஆறு தோட்டா பிடிக்கும். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

சினிமாவில் ஹீரோ கோட்டுக்குள்ளிருந்து எடுப்பார். மாமா வேட்டிக்காரர். வேட்டிக்கு மேல் கட்டுவாரே, அகலமான பச்சை பெல்ட், அதில் ஒரு தோலுறையைத் தைத்துத் தொங்கவிட்டு, மேலே சட்டையை இறக்கிவிட்டுக்கொள்வார். பார்ப்பவர்கள் மாமாவுக்குத் தொப்பை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

சரி, ஏன் .32? மாமா ஒன்றும் ஆராய்ச்சி பண்ணித் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்களோ நானோ போனாலும் கடைக்காரர் பெரும்பாலும் அதைத்தான் எடுத்து வைப்பார். நம் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் விதிகள் துப்பாக்கிகளைத் 'தடை செய்யப்பட்ட போர்', 'தடை செய்யப்படாத போர்' என்று இரண்டாகப் பிரிக்கின்றன. பிரிவினைக்குப் பின்னால் இருக்கிற யோசனை சுலபமானது. ராணுவமும் போலீசும் பயன்படுத்துகிற தோட்டா பொதுஜனத்தின் துப்பாக்கிக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால், அங்கே திருடு போவது இங்கே வெடிக்கும். எனவே .303 ரைபிள், .380, .455 ரிவால்வர்கள், 9 எம்.எம். பிஸ்டல் எல்லாம் அந்தப் பக்கம். மிச்சமிருப்பதில் கைக்கு அடக்கமாக, உள்நாட்டிலேயே தயாராவது .32. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனி ஆள் இறக்குமதி செய்வதற்கு 1980-களின் நடுவிலேயே கதவை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால் வந்திறங்கிய கிழட்டு பிஸ்டல்கள் இன்றைக்கும் லட்சக்கணக்கில் கைமாறுகின்றன. பழைய அம்பாசடர்கூட அப்படி விலை போனதில்லை.

ஆக, அமெரிக்காக்காரன் வருடக்கணக்கில் சண்டை போடுகிற கேள்விக்கு நம் அரசாங்கம் ஒரே பக்கத்தில் விடை எழுதிவிட்டது.

பையன் விடவில்லை. ''.32-க்கு பவர் பத்தாதுன்னு சொல்றாங்களே?''

உண்மைதான். .32 என்பது அங்குலக் கணக்கு. மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் எட்டு. ஒன்பதுக்கும் எட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மாமாவின் ரிவால்வர் தோட்டா மெதுவாகப் போகிறது, மருந்தும் குறைவு. 9 எம்.எம். தோட்டாவின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். 2014-ல் பெண்களுக்காக என்று சொல்லி 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தினார்கள். டில்லி கொடுமைக்குப் பிறகு, அந்தப் பெண்ணை நினைவுபடுத்துகிற பெயர். அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம், நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் .32தான். 2023-ல் வந்த 'பிரபல்' ரிவால்வரும் .32தான்.

ஆனால் பவர் விஷயத்தில் ஒரு கதை இருக்கிறது. 1986 ஏப்ரலில் மியாமி நகரத்தில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு கொள்ளைக்காரர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை. ஆரம்பத்திலேயே ஒரு 9 எம்.எம். தோட்டா ஒருவனின் நெஞ்சுக்குள் போய், இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். எஃப்.பி.ஐ. தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். தோட்டா பத்தவில்லை என்று முடிவு செய்து 10 எம்.எம்.முக்கு மாறினார்கள். அது கையைத் தூக்கியடிக்கிறது என்று பலர் சொன்னதும் .40-க்கு இறங்கினார்கள். கடைசியில் 2014, 15 வாக்கில் எங்கே வந்து நின்றார்கள் தெரியுமா? மறுபடி 9 எம்.எம். தோட்டாத் தயாரிப்பு முன்னேறிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, கைத்துப்பாக்கி எதுவானாலும் எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம், பெரிய தோட்டா தப்பான இடத்தில் பட்டு லாபமில்லை என்பது. சின்ன அதிர்வு இருந்தால் சாதாரண ஆள் சரியாகச் சுடுகிறான். இதைக் கண்டுபிடிக்க முப்பது வருடம்.

நம் பக்கத்துக் கதையும் அதைத்தான் சொல்கிறது. 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். கையில் பிஸ்டல் கிடைத்ததும் நேராக ரயில் பெட்டிக்குப் போய்விடவில்லை. அதற்கு முன்னால் பாண்டிச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுட்டுப் பழகியிருந்தார். உயிரைக் கொடுக்கத் துணிந்தவருக்கே பழக்கம் தேவைப்பட்டது.

மாமா எவ்வளவு பழகினார்? நான் காமர்ஸ்காரன், கணக்குப் போட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆச்சு, மொத்தம் இருபத்து மூன்று தோட்டா சுட்டிருக்கிறார். எல்லாம் தோப்பில், மண்மேட்டில் வைத்த தேங்காய் மட்டையைக் குறிபார்த்து. இரண்டு பட்டதாகச் சொல்கிறார். அத்தை ஒன்று என்கிறாள். ரிவால்வர் விலை, லைசென்ஸ் புதுப்பிப்பு, விருதுநகர் பஸ் சார்ஜ் எல்லாம் கூட்டி வகுத்தால் ஒரு குண்டின் அடக்கவிலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்துப் பதினைந்து கிலோ பால்கோவா வாங்கலாம்.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த .32-ன் குழாயை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இதை இதுவரை எழுதியதில்லை.

2012. தமிழ்நாடே இருட்டில் கிடந்த வருடம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மதுரையில் ஒரு வேலை முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் மாமாவைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ் வழியில் படுத்துவிட்டது. செல்போன் செத்துவிட்டது. ராஜபாளையத்தில் இறங்கி, ஒரு ஆட்டோக்காரர் பாதி வழியில் விட, மீதியை நடந்து தோப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை இருக்கும். கரன்ட் இல்லை. அந்த மாதம் பக்கத்துத் தோப்புகளில் மோட்டார் ஒயர் திருடு போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கேட்டைத் தள்ளினேன், கிறீச்சிட்டது.

''யாரது?''

டார்ச் வெளிச்சம் நேராகக் கண்ணில். நான்தான் மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இத்தனைக்கும் பேசியே பிழைக்கிறவன். அதற்குள் கூச்சத்தில் ஒரு கையை முகத்துக்கு நேராகத் தூக்கிவிட்டேன். அந்த அசைவு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எப்படித் தெரிந்திருக்கும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் ராணி வந்தாள். ராணி என்றால் ராஜபாளையம் நாய். பால்வெள்ளை, ரோஸ் மூக்கு. 2005-ல் தபால்தலையில்கூட அந்த ஜாதி நாயின் படம் போட்டார்கள். வேற்று ஆளைக் கிட்டே சேர்க்காது. ராணி குரைக்காமல் வந்து என் கையை முகர்ந்து, காலைச் சுற்றி வந்து நின்றாள். தீபாவளிக்கு நான் போட்ட கறித்துண்டு ஞாபகம் இருந்திருக்கும்.

டார்ச் கீழே இறங்கியது.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது மாமா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: ''சுத்தி ஏத்திட்டேன் மாப்ள. நாய் குரைக்கலையேன்னுதான் யோசிச்சேன்.''

ரிவால்வரில் சுத்தியைப் பின்னால் ஏற்றிவிட்டால் விசையை லேசாகத் தொட்டால் போதும். பன்னிரண்டு அடி தூரம். தேங்காய் மட்டையில் படாதது என் மேல் பட்டிருக்கும். அந்தத் தூரத்தில் .32-ஆ, .45-ஆ என்று நான் விசாரித்திருக்கப் போவதில்லை. மாமா வழக்குக்கு அலைந்திருப்பார். தற்காப்புக்கும் சட்டத்தில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய சட்டத்திலும் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. வெறுங்கையோடு கேட்டைத் திறந்த மருமகனைச் சுட்டதற்கு எந்த வக்கீல் என்ன சொல்வார்?

அத்தைக்கு அந்த ராத்திரிக்கு முன்னாலேயே ரிவால்வர் பிடிக்காது. காரணத்தை அவள் ஒருமுறைதான் சொன்னாள். தறித்தொழில் நொடித்து, கடன்காரர்கள் வாசலில் உட்கார்ந்திருந்த நாட்கள். மாமா சாப்பிடாமல், பேசாமல், மச்சு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அத்தை தோட்டா டப்பாவை எடுத்து அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டாள். நாலு மாதம் அது அங்கேயே இருந்தது. மாமா தேடினாரா என்று நான் கேட்கவில்லை. ''தேடினார்'' என்று அவளாகவே சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் அத்தை தேர்தலை ரொம்பவும் விரும்புகிறவள். அரசியல் ஆர்வம் இல்லை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிக் கலெக்டரிடமிருந்து உத்தரவு வரும். பாராளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சி என்று எது வந்தாலும் மாமா பச்சை பெல்ட்டோடு போய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். திருடன் மட்டும் தேர்தல் முடியட்டும் என்று காத்திருப்பானா என்று ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார். நியாயமான கேள்விதான். ஆனால் 2024-ல் மார்ச் கடைசியில் கொடுத்தது, ஜூன் 4 ஓட்டு எண்ணி முடித்தும் ஒரு மாதம் அங்கேயே கிடந்தது. முழங்கால் வலி என்றார். அந்த மூன்று மாதமும் அத்தை மாடிக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினாள்.

கூலியெல்லாம் இப்போது போனிலேயே போய்விடுகிறது. ரெக்சின் பையே இல்லை. மாமா எதற்காக லைசென்ஸ் வாங்கினாரோ அந்தச் சனிக்கிழமை போய் எத்தனையோ வருடமாயிற்று.

இதையெல்லாம் பையனிடம் போனில் சொல்லவில்லை. அரிசி மூட்டை விஷயம் அவனுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. ''9 எம்.எம். கிடைக்காதுப்பா, அது தடை பண்ணின போர்'' என்று மட்டும் சொன்னேன்.

''அப்ப .32 போதுங்கறீங்க?''

''பூட்டுப்போட்ட இரும்புப் பெட்டி வாங்குவியா?''

''வாங்கிடலாம்.''

''காருக்குள்ள, சிக்னல்ல, பெட்டியைத் திறந்து எடுக்க உன் வீட்டம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதுவும் லைசென்ஸ் உன் பேர்லதானே இருக்கும், அவ கையில எப்படிக் கொடுப்ப?''

பதில் இல்லை. பின்னணியில் அவன் மகள் ஏதோ பாட்டு பாடிக்கொண்டிருந்தது. நாலு வயது. எந்த அலமாரியையும் திறந்து பார்க்கிற வயது.

''பெட்டியைத் திறந்தே வச்சா?'' என்றேன்.

''இருங்க அத்தான். இவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்'' என்று வைத்துவிட்டான்.

இது எழுதும்வரை போன் வரவில்லை. மாமா மட்டும் நேற்று கூப்பிட்டார். தோப்பில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். ஆறரை இஞ்ச்தான் போடப்போகிறாராம்.