டிஃப் லாக் இல்லாத வண்டியும் கள்ளிக்குடி கரிசலும்

"டாக்டர், ஜிம்னி வாங்கலாமா? டிஃப் லாக் இல்லையாமே, காட்டுப்பாதையில மாட்டிக்குமா?" சுகர் மாத்திரைக்கு அடுத்தபடியா இன்பாக்ஸ்ல வர்ற கேள்வி இதுதான். நான் மெக்கானிக் இல்லை, வெறும் எம்பிபிஎஸ். ஓட்டி மாட்டினவன்ங்கிற முறையில சொல்றேன். த்ரெட் கொஞ்சம் நீளம்.

வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த வழி விடுறதுதான் டிஃபரன்ஷியல். ரோட்டுல அருமையான ஏற்பாடு. ஆனா பள்ளத்துல ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கினா அது மட்டும் சும்மா சுத்தும், தரையில இருக்கிறது அசையாது.

எங்க பாஷையில சொன்னா, ஒரு ட்ரிப் பாட்டில்ல இருந்து ரெண்டு டியூப் பிரியுது. ஒண்ணு கழண்டு தரையில ஊத்துது. அப்போ இன்னொண்ணுல சரியா ஏறாது இல்லையா? டிஃப் லாக் ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டா கட்டிப்போட்டுடும். ஜிம்னி அதைச் செய்யாது. சும்மா சுத்துற சக்கரத்தை மட்டும் தானா பிரேக் பிடிக்கும். கழண்ட டியூப்பை சிஸ்டர் விரலால நசுக்கிப் பிடிக்கிற மாதிரி. 1985ல வந்த பழைய ஜிப்ஸியில அந்த விரலும் இல்லை. அதை வச்சே நம்ம ராணுவம் எத்தனை வருஷம் மலையேறுச்சு!

போன நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி பக்கம் நண்பரோட தோட்டத்துக்குப் போனேன். வழியில ஒரு வாய்க்கா. குறுக்குவாட்டில இறக்கினதும் முன் சக்கரம் ஒண்ணும் பின் சக்கரம் ஒண்ணும் எதிரெதிர் மூலையில தூக்கிருச்சு. வண்டி நின்னுபோச்சு. இங்கதான் எல்லாரும் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுடுவாங்க. விடக்கூடாது. ஃபோர் லோவுல போட்டு, காலை நிதானமா அழுத்திப் பிடிச்சா பிரேக் கடகடன்னு வேலை பார்க்கும். ரெண்டு மூணு செகண்ட். ஏறிருச்சு. லாக் எதுக்குய்யான்னு எனக்கு ஒரே திமிர்.

அந்தத் திமிர்லதான் திரும்பி வரும்போது குறுக்குவழின்னு கம்மாய் உள்வாய்க்குள்ள விட்டேன். மேல காஞ்ச மாதிரி இருந்த கரிசல், உள்ள அல்வா. கம்பெனி கொடுத்த டயர் ரோட்டுக்கானது. நாலு சுத்துல பள்ளமெல்லாம் மண் அடைச்சு மொழுக்குன்னு ஆயிருச்சு. நாலு சக்கரமும் ஒண்ணாச் சுத்துது. 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் மண்ணுக்குள்ள போய் வயிறு தட்டிருச்சு.

மணி அஞ்சரை. எட்டு மணிக்கு எனக்கு நைட் டூட்டி. நான் போனாத்தான் காலையில இருந்து கேஷுவாலிட்டியில நிக்கிற தம்பி வீட்டுக்குப் போக முடியும்.

அரை மணி நேரம் கழிச்சு ஒரு டிராக்டர் வந்துச்சு. அறுபது வயசிருக்கும் அவருக்கு. "என்ன தம்பி, ஈரம் காயுறதுக்குள்ள உள்ள இறக்கிட்டீக?" வடத்தைக் கட்டினோம். அவர் குதிகால்ல ஒரு பெடலை மிதிச்சார். என்னண்ணே அதுன்னு கேட்டேன். "ரெண்டு வீலும் சேந்து சுத்தும். திரும்பயில எடுத்துரணும்." டிஃப் லாக்! நாங்க லட்சக்கணக்குல விலை பேசி விவாதம் பண்ற சமாச்சாரம், உழவு ஓட்டுற எல்லாருக்கும் கால்மாட்டுல கிடக்கு.

"இது இருந்தா நான் மாட்டிருக்க மாட்டேன்ல?" "மாட்டிருப்பீக. நாலும் வழுக்குனா எதைச் சேத்துக் கட்டி என்ன?"

வாங்கலாமான்னு கேட்டீங்களே, வாங்குங்க. மேலூர்ப் பக்கச் செம்மண்ணுக்கும் கல்லுக்கும் அந்தப் பிரேக் தாராளம். மணல்ல டயர் காத்தைக் குறைங்க. கரிசல்ல மழை பெஞ்சிருந்தா இறங்கி நடந்து பாருங்க. குதிகால் புதைஞ்சா வண்டியைத் திருப்பிடுங்க. லாக்குக்குப் போடுற காசை முதல்ல டயருக்குப் போடுங்க. அப்புறம், கேஷுவாலிட்டி ஆளா ஒண்ணு: வடம் இழுக்கும்போது அதுக்கு நேர்ல யாரும் நிக்கக்கூடாது. அறுந்தா சாட்டை மாதிரி வந்து அடிக்கும்.

அண்ணன் காசு வாங்க மாட்டேன்னுட்டார். முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி நம்பர் கொடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தப்போ எட்டே முக்கால். தம்பி ஒண்ணும் சொல்லலை. என் ஷூவைப் பார்த்தான், பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டான்.