பாபநாசத்து வரப்பில்

தஞ்சையிலிருந்து குடந்தை நோக்கிச் செல்லும் இரயில் பாபநாசத்தில் நிற்பது ஓரிரு நிமிடங்களே. அதற்குள் இறங்க முடியுமா என்று அஞ்சியே அடியேன் இவ்வூர்ப் பயணத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு வந்தேன். எட்டாண்டுகளுக்கு முன் குருமனையின் ஈரப்படியில் வழுக்கி, வலது கணுக்கால் இருபுறமும் முறிந்து, தகடும் திருகாணியும் வைத்து அறுவை செய்யப்பட்டவன் நான். சென்ற மார்கழியில்தான் துணிந்து இறங்கினேன்.

முதலில் திருப்பாலைத்துறை வரை நடந்தேன். அங்கே பாலைவனநாதர் கோயிலில், 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர்கள் எழுப்பிய வட்டவடிவச் செங்கல் களஞ்சியம் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளுமாம். அத்தனை நெல்லும் யாரோ சிலர் தலையில் ஏறி, வரப்பு வழியேதானே வந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். ஏனெனில் அன்று என் கவலையெல்லாம் வரப்பைப் பற்றியதே.

உதவிப் பங்குக்குருவாக இருந்த நாளில் பழகிய முதியவர் ஒருவர், குடமுருட்டிக்கு அப்பால் படுக்கையில் கிடந்தார். என்னைக் காண வேண்டுமென்று மூன்று முறை சொல்லியனுப்பினார். மூன்று முறையும் நான் காலைக் காரணம் காட்டினேன். அவர் வீட்டுக்கு வண்டிப்பாதை இல்லை.

முறிந்த எலும்பு சில மாதங்களில் கூடிவிடுகிறது. ஆனால் பாதம் எந்தச் சாய்வில் ஊன்றியிருக்கிறது என்பதைக் கண் பாராமலே உணரும் ஆற்றல் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. சமதரையில் இக்குறை தெரியாது. பீடத்தின்முன் முழந்தாளிட்டு எழும்போது எனக்குத் தெரிந்தது. சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை ஆறு மாதத்தில் கைவிட்டிருந்தேன் (சோம்பலை முதுமையென்று அழைப்பது எளிது). ஏழாண்டு கழித்து, அடுப்பில் பால் காயும் நேரங்களில் அதை மீண்டும் தொடங்கினேன்.

என்னை நாணச் செய்தவர் சுதா சந்திரன். 1981-இல் திருச்சிப் பகுதியில் நேர்ந்த பேருந்து விபத்தில் காயமுற்று, காலில் அழுகல் கண்டு, முழங்காலுக்குக் கீழே காலை இழந்த நாட்டிய மங்கை அவர். ஜெய்ப்பூர்க் கால் அணிந்து 1984-இல் மீண்டும் மேடையேறினார். அக்காலை உருவாக்கியோர் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் ஆவர். மேல்நாட்டுச் செயற்கைக் கால் நாற்காலிக்கும் காலணிக்கும் ஏற்றது. குந்தி அமர்ந்து, வெறுங்காலுடன் மேடுபள்ளத்தில் நடக்கும் நம் உழவருக்கு அது உதவாதென்று கண்டு, வளைந்து கொடுக்கும் ரப்பர்ப் பாதம் செய்தார்கள். ரப்பர் நடக்கும் வரப்பில் என் சொந்தக் கால் நடக்க மறுப்பதா?

உள்ளூர்ப் பங்கு ஆலயத்தில் நற்கருணைச் சிமிழைப் பெற்று மார்பில் வைத்துக்கொண்டேன். முதியவரின் பேரன் முன்னே நடந்தான். இருபுறமும் கதிர் தள்ளிய சம்பா. பனியில் நனைந்த புல். ஓரடி அகல மண். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். விழுவது எனக்குப் புதிதன்று. அன்று மட்டும் விழலாகாது. பாதிவழியில் நண்டு வளையொன்று வரப்பைத் தின்றிருந்தது. தாண்டவேண்டிய கால் வலது கால். பையன் கை நீட்டினான். பிடிக்காமல், சற்று நின்று, தாண்டினேன்.

பெரியவர் நற்கருணை வாங்கியபின் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன் சாமி. அந்த நண்டு வளைகிட்ட நின்னீங்களே, அப்பதான் எனக்குப் பயமாப் போச்சு" என்றார்.

திரும்பி வந்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது. நிலையத்துப் பலகையில் காலைத் தூக்கி வைத்து அமர்ந்திருந்தேன். வழியனுப்ப வந்த பையன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தை அறுப்பு முடிஞ்சதும் வாங்க சாமி. வயல் காஞ்சிடும், வரப்பே வேண்டாம்."

அதற்கு முன்பே வருவதாகச் சொல்லி இரயிலேறினேன்.