மண்ணுக்கு மருந்தான மானாப்புல்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி வந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மாசுக்காக அங்கிருந்த மின்னுற்பத்தி நிறுவனத்தை இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காசு மனிதருக்குச் சேரும். எண்ணெய் குடித்த தோட்டக்காணியை எது தேற்றும்?

தேடிப் படித்தபோது புல் தேற்றும் என்று அறிந்தேன். வெட்டிவேர் போன்ற புற்களை நட்டு எண்ணெய் மண்ணைச் சீராக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. தாவரம் எண்ணெயை உறிஞ்சிக் குடிப்பதில்லை. நார்வேர்கள் மண்ணைத் துளைத்துக் காற்றுக்கு வழிவிடுகின்றன; வேரிலிருந்து கசியும் சர்க்கரையும் அமிலங்களும் நுண்ணுயிர்களை வளர்க்கின்றன; எண்ணெயைச் சிதைப்பது அந்த நுண்ணுயிர்கள்தான்.

புல்லை நட்டு மண்ணைத் தேற்றும் இந்த யோசனையைத் தொடர்ந்து போனவன், பதுளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலைகளுக்கே வந்து சேர்ந்தேன். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே கன்று வைப்பதில்லை. மானாப்புல்லோ குவாட்டமாலாப் புல்லோ நட்டு, ஒன்றரை முதல் இரண்டு வருடம் வளர்த்து, அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்புவார்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதையே பரிந்துரைக்கிறது. மண்ணில் மக்கு சேரும்; தேயிலை வேரைத் தாக்கும் நூற்புழு உணவின்றிக் குறையும்.

குவாட்டமாலாப் புல் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. மானா இந்த மண்ணுக்கே உரியது. தேயிலைக்கு முன்பே ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் நின்றது அது. தேயிலைக்காக அகற்றப்பட்ட புல்லையே, தேயிலை மண்ணைக் களைக்கச் செய்தபின் திரும்ப அழைத்திருக்கிறோம். மானா, குவாட்டமாலா, வெட்டிவேர், சோளம், கரும்பு எல்லாம் தாவரவியலில் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்பதையும் இந்தத் தேடலில்தான் அறிந்தேன்.

அதற்காக மலையில் செய்வதை அப்படியே எண்ணெய் மண்ணில் செய்யக்கூடாது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனையும் இழுத்துக்கொள்ளும், புல் மஞ்சளாகும். ஆகவே கூட்டெரு, சாணம், தேவைப்பட்டால் யூரியாவும் வேண்டும். வாகனக் கழிவு எண்ணெயில் ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கலாம். அவை சிதையாது. அங்கே வெட்டிய புல்லை மண்ணில் பரப்பாமல் அப்புறப்படுத்த வேண்டும், மாட்டுக்கும் போடக்கூடாது. தடித்த எண்ணெய் சிதைய வருடங்கள் ஆகும். நிலத்தடி நீரில் இறங்கிய எண்ணெயைப் புல் மட்டும் மீட்டுவிடாது.

இத்தனை எச்சரிக்கைக்கும் பிறகு நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன். புல் நட்டுப் பொறுத்திருக்கும் வேலையை மலையகத்துத் தொழிலாளர்கள் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். எந்தப் புல் எந்தச் சரிவில் பிடிக்கும், எப்போது வெட்ட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. அதன் ஆய்வுகூடமும் இந்தத் தொழிலாளரும் சேர்ந்து, தோட்டத்து வாகனக் கொட்டில் ஓரத்தில் எண்ணெய் ஊறிய ஒரு துண்டு நிலத்தில் மானாவையும் வெட்டிவேரையும் அருகருகே நட்டு, மண்ணை அளந்து பார்க்கட்டும். அங்கே கிடைக்கும் விடை சுன்னாகத்து விவசாயிக்கும் உதவும்.