அப்பாவுக்கு ஒரு பெல்ட்: வால்சலில் ஒரு சனிக்கிழமை

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வால்சல் வந்துவிடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு ஷாப்பிங் சென்டருக்குள்தான் கால் வைப்போம். அதன் பெயர் சேட்லர்ஸ். ஊர் ஃபுட்பால் அணியின் பட்டப்பெயரும் அதேதான். சேட்லர் என்றால் குதிரைச் சேணம் செய்கிறவர். தன் தொழிலை இப்படி நெற்றியில் எழுதி வைத்திருக்கும் ஊரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முதலில் இங்கே இரும்பு வேலைதான். கடிவாளத்துக்கான இரும்பு, அங்கவடி, பக்கிள் எல்லாம் அடித்தார்கள். அதோடு சேர்ந்து தோல் வேலையும் வளர்ந்தது. குதிரைக் காலம் முடிந்ததும் கைப்பை, பர்ஸ், பெல்ட் என்று மாறிக்கொண்டார்கள். இரண்டாம் எலிசபெத் ராணி கையில் எப்போதும் தொங்குமே ஒரு கைப்பை, அந்த லோனர் பைகள் வால்சலில் செய்தவைதான்.

2023 கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு அங்குள்ள தோல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவளுக்கு அப்போ ஒன்பது வயசு. குதிரை பிடிக்கும், அதனால போனோம், அவ்வளவுதான். பழைய தொழிற்சாலைக் கட்டடம் அது. உள்ளே வேலை செய்யும் மேஜைகள், கருவிகள், சுருட்டி வைத்த தோல்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வந்தது. ஈர மரப்பட்டை மாதிரி, கொஞ்சம் இனிப்பாக. என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "இது தாத்தா வாசனை."

"தாத்தா ஏன் இப்படி வாசனை வருவாரு? அவர் ஆபீஸ்லதானே இருந்தாரு?"

அவளுக்கு நான் சொல்லி வைத்திருந்தது அதுதான். தாத்தா ஆபீஸில் கணக்கு எழுதினார். பொய் இல்லை. எந்த ஆபீஸ் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கர். டேனரியைத்தான் எங்க ஊர்ல தோல் ஷாப்புன்னு சொல்வாங்க. மெட்ராஸ் மாகாணத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பல் கப்பலாக லண்டனுக்கு வந்தது. பாதி பதனிட்டு அனுப்பினால், மீதி வேலையை இங்கே முடித்துக்கொள்வார்கள். பிறகு ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் பட்டை பிடித்தது. கொடைக்கானல் போகிறவர்கள் வழியில் பார்க்கும் வாட்டில் மரக்காடுகளை நட்டதற்குத் தோல் தொழிலும் ஒரு காரணம்.

ஆனால் வீட்டில் இதெல்லாம் பெருமையாகப் பேசப்பட்டதே இல்லை. அப்பா வேலை முடிந்து வந்தால் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும். கிணற்றடியில் குளித்து, சட்டையைத் தனியாகப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையலாம். அது பாட்டி போட்ட சட்டம். பட்டை வாசனை ஒன்றும் மோசமில்லை. ஆனால் பச்சைத் தோலும் சுண்ணாம்புக் குழியும் சேர்ந்த நாற்றம் வேறு. பாட்டிக்கு நாற்றம் மட்டும் பிரச்சினை இல்லை, அந்தத் தொழிலை யார் செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. குழியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் தலித் மக்கள். மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவருக்கே கிணற்றடி என்றால், குழியில் நின்றவருக்கு ஊர் என்ன கொடுத்திருக்கும்? திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. என் ஊர்க் கதையை நான் படித்ததே அதற்கப்புறம்தான்.

ஆறாம் வகுப்பில் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் நான் 'பேங்க்' என்று எழுதினேன். அப்பா படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். முப்பதைத் தாண்டிய பிறகும் அந்தக் கையெழுத்து எனக்கு மறக்கவில்லை.

அந்த டிசம்பரில் அப்பாவுக்கு எழுபது. வழக்கமாக வாட்ச், ஷர்ட் என்று ஏதாவது வாங்கிப் போவோம். இந்தத் தடவை ஒரு பெல்ட் நானே செய்யலாம் என்று தோன்றியது. வால்சலில் ஒரு சின்னப் பட்டறையில் ஒருநாள் வகுப்பு இருந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை பதிந்துகொண்டேன்.

சொல்லிக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. பதினாறு வயசில் தொழிலுக்கு வந்தவராம். மேஜை மேல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல், 4 மில்லிமீட்டர் கனம். முதுகுப் பக்கத் தோலில்தான் பெல்ட் வெட்ட வேண்டும், வயிற்றுப் பக்கம் போகப்போக இழுத்துக்கொண்டு நீளும் என்றார்.

"என்ன அளவு?" என்றார். "முப்பத்தாறு," என்றேன்.

"எங்கிருந்து வந்தது இந்த முப்பத்தாறு?" அப்பாவின் பேன்ட் அளவு அது. அவர் சிரித்தார். பேன்ட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி வெட்டினால் பெல்ட் குட்டையாகிவிடும். அவர் உடுத்தும் பழைய பெல்ட்டை எடுத்து, பக்கிள் மடிப்பிலிருந்து வழக்கமாகப் போடும் ஓட்டை வரைக்கும் அளக்க வேண்டும். அதுதான் பெல்ட் அளவு.

உடனே போன் போட்டேன். அங்கே சாயங்காலம் நாலரை.

"எதுக்குடா பெல்ட்டு அளவு?"

"சும்மாதான்ப்பா."

"சும்மா யாராவது பெல்ட்டை அளப்பாங்களா? சரி இரு, டேப் எடுத்துட்டு வர்றேன்." கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "முப்பத்தொம்பதரை இஞ்ச்." மூன்றரை அங்குலம்! கேட்காமல் வெட்டியிருந்தால் அந்தப் பெல்ட் யாருக்கும் ஆகியிருக்காது.

மடிப்புக்கும் வாலுக்கும் சேர்த்து 48 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, 32 மில்லிமீட்டர் அகலத்தில் வார் வெட்டினோம். ஐந்து ஓட்டை, ஒரு அங்குல இடைவெளி. அப்பா அளவு நடு ஓட்டைக்கு வரும். இளைத்தாலும் பெருத்தாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். மடிக்கிற முனையைக் கத்தியால் பாதிக் கனத்துக்குச் சீவ வேண்டும். நான் ஓரிடத்தில் அழுத்திச் சீவிவிட்டேன், காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் சீவினேன். வாரைக் கொஞ்சம் தாராளமாக வெட்டச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது.

தையல்தான் பெரிய வேலை. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு மரக்கவ்வியை இடுக்கி, அதில் பெல்ட்டைப் பிடிக்க வைத்து, தேன்மெழுகு தடவிய லினன் நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. சேணத் தையல் என்று இதற்குப் பெயர். ஒரு பக்க நூல் அறுந்தாலும் இன்னொரு பக்க நூல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் அது நடக்காது. குதிரை மேல் இருப்பவன் உயிர் அந்தத் தையலில் இருந்த காலத்து ஏற்பாடு. நாற்பது தையலுக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த அம்மா பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் போட்டுக்காட்டினார். கடைசியில் விளிம்பைத் தண்ணீரால் நனைத்து மரக்கட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தால் சூடேறிக் கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

திரும்பி வரும் ரயிலில் கையெல்லாம் அதே வாசனை. வீட்டுக்கு வந்ததும் மகள் மோந்து பார்த்தாள். அன்னைக்கு ராத்திரி அவளுக்கு எல்லாம் சொன்னேன். தோல் ஷாப்பு, சுண்ணாம்புக் குழி, கிணற்றடி, பேங்க் என்று எழுதின கதை. கடைசிக் கதைக்கு மட்டும் அவளிடமிருந்து கேள்வி வந்தது: "தாத்தாகிட்ட சாரி சொன்னீங்களா?"

டிசம்பரில் திண்டுக்கல். அப்பா பெல்ட்டைப் பிரித்ததும் முதலில் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"பட்டைத் தோலு. குரோம் இல்ல." பிறகு நகத்தால் விளிம்பை அழுத்தினார், வளைத்துப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை எண்ணுகிற மாதிரி பார்த்தார். "இந்த இடத்துல நூலை ஓவரா இழுத்துட்ட. கடையில வாங்கினதா?"

"நான்தாம்ப்பா செஞ்சேன்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் சாரி என்று ஆரம்பித்தேன். "விடுடா," என்றார். பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் தொட்டே பிரிப்பது எப்படி, பட்டை நீரில் தோல் எத்தனை நாள் கிடக்கும், மழைக்காலத்தில் காயப்போட என்ன பாடுபட்டார்கள், குழியில் வேலை செய்தவர்களின் கால் எப்படி வெந்துபோயிருக்கும், கழிவுநீர் போன கிணறுகள் என்ன ஆயின என்று ஒரு மணி நேரம் பேசினார். நல்லது கெட்டது இரண்டையும் சொன்னார். இதில் பாதி எனக்கே புதுசு. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜனவரியில் மகளின் பள்ளியில் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். தாத்தா தொழில் என்ற இடத்தில் 'டேனரி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெல்ட் படமும் வரைந்திருந்தாள். கையெழுத்துப் போட என்னிடம் கொண்டுவந்தாள். போட்டேன்.

நீங்களும் பிள்ளைகளோடு வால்சல் போவதாக இருந்தால், அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட் வகுப்புக்குப் போவதாக இருந்தால் பழைய பெல்ட்டை அளந்துகொண்டு போங்கள். ஊருக்குப் போன் பண்ணி அளவு கேட்கும்போது, அப்படியே அவர்கள் செய்த வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.