கூழ் காயும் தெரு

ஆடி மாத வெயிலை நம்பி எதையும் வெளியே வைக்க முடியாது. காலையில் சுள்ளென்று அடிக்கும், மூன்று மணிக்கு மேகம் கூடிவிடும். ஆனாலும் ஒரு நாள் காலை நான் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது, தெருவில் வெயில் விழுந்த இடமெல்லாம் பொம்மை இருந்தது. திண்ணையில், விரித்த சாக்கில், மாடிப்படியில் படிக்கு இரண்டாக. வண்ணம் ஏறாத வெற்று உடல்கள். கிருஷ்ணனா ராமனா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கை புல்லாங்குழலுக்கு மடங்கியிருக்கிறதா, வில்லுக்கு நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் இருக்கிறது இந்தத் தெரு. பெயர் அஸ்தகிரி தெரு. ஆட்டோக்காரரிடம் பொம்மைக்காரத் தெரு என்று சொன்னால் உடனே புரிகிறது. கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. பண்ருட்டியும் மதுரைப் பக்கத்து விளாச்சேரியும் களிமண்ணால் பேர் வாங்கியவை. காஞ்சிபுரம் காகிதக் கூழையும் கையில் எடுத்துக்கொண்டது. கூழ் பொம்மை எடை குறைவு, தூர ஊருக்கு அனுப்பலாம், கை தவறி விழுந்தாலும் சட்டென்று நொறுங்காது. ஊரில் நடப்பதும் இங்கே பொம்மையாகும். 2019-ல் அந்தக் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து பெருமாள் அத்திவரதர் வெளியே வந்தார். 1979-க்குப் பிறகு அப்போதுதான். ஜூலை 1-ல் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ஊரே கூட்டத்தில் திணறியது. அவர் குளத்துக்குத் திரும்பி, அடுத்து வந்த நவராத்திரிக்குள் இந்தத் தெருவில் அத்திவரதர் பொம்மையாகிவிட்டார். கிடந்த கோலம் ஒன்று, நின்ற கோலம் ஒன்று.

நான் பொம்மை வாங்கப் போகவில்லை. எங்கள் ஊரில் சனிக்கிழமைதோறும் ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளை உட்காரவைத்துக் கைவேலை செய்கிறேன். மண், காகிதம், நூல், இலை. காசு போட்டு வாங்க வேண்டியது எதுவும் கிடையாது. போன மாதம் காகிதக் கூழில் பதினான்கு யானைகள் செய்தோம். இரண்டே நாளில் பதினொன்று விரிசல் விட்டன. ஒரு பெண் குழந்தை தன் யானையை இரண்டு துண்டாகக் கையில் வைத்துக்கொண்டு, "எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா மிஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடித்தான் பஸ் ஏறினேன்.

திண்ணையில் அச்சுக்குள் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"உள்ள கெட்டியா உருட்டி வெச்சீங்களா?"

"ஆமாண்ணே."

"அதாம்மா. மேல காஞ்சிடும், உள்ள ஈரம் இருக்கும். மேல சுருங்கும், உள்ள சுருங்காது. அப்ப என்னா ஆவும்? வெடிக்கும். பெரிய உருப்படின்னா உள்ள கூடா இருக்கணும்."

பக்கத்தில் இருந்த ஒரு பொம்மையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. இரண்டிலும் காகிதத்தையும் கூழையும் பசை தடவி அப்பி, ஓரளவு காய்ந்ததும் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒட்டி, ஒட்டிய இடத்தில் கூழ் பூசி மூடுகிறார்கள். பிறகு காய்ச்சல். முதலில் நிழல், அப்புறம்தான் வெயில். நான் செய்ததோ நேர்மாறு. பிள்ளைகள் கையிலிருந்து வாங்கி நேரே மொட்டை மாடி உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்திருந்தேன். அந்தக் குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை.

காய்ந்த உடலை உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் கரைத்து வெள்ளை பூசி, மறுபடி தேய்த்து, அதன்மேல் வண்ணம். கண் கடைசியில். ஒரு பொம்மை பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. புரட்டாசிக்கு விற்பதற்கு வருஷம் முழுக்க வேலை. மழைக்காலம் வந்தால் எதுவும் காயாது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றார்.

மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. நான் குறிப்பு நோட்டில் எழுதப் போனபோது அவரே தடுத்தார். "அது விஷம்மா. சின்னப் புள்ளைங்க கைய வாயில வெக்கும். நீங்க பசைய அன்னன்னிக்கி காய்ச்சுங்க, மிச்சத்தக் கொட்டிடுங்க." எனக்கு இதே கவலை குன்றிமணி விஷயத்தில் உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் பிடித்துக் கண்ணுக்குக் குன்றிமணி வைப்போம். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பெரியவர்கள் செய்யும் பிள்ளையாருக்கு அது இருக்கட்டும். என் பிள்ளைகளின் பிள்ளையாருக்கு மிளகுதான் கண்.

அவர் வேலையை எப்படிப் பிள்ளைகள் அளவுக்குக் கொண்டுவருவது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். அச்சுக்குப் பதில் கொட்டாங்குச்சி போதும். வெளிப்பக்கம் எண்ணெய் தடவ வேண்டும். செய்தித்தாளை விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து முதல் சுற்றைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்ட வேண்டும்; பிறகு கழற்றும்போது பிடிவாதம் பிடிக்காது. அடுத்த சுற்றிலிருந்து பசை. ஒரு சுற்று செய்தித்தாள், ஒரு சுற்று பழுப்புத்தாள் என்று மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப்போனது என்று குழந்தைக்கே கண்ணில் தெரியும். ஐந்தாறு சுற்று. ஒரு நாள் நிழல், மறுநாள் வெயில். கழற்றினால் ஒரு கிண்ணம். அதைக் கவிழ்த்தால் ஆமை முதுகு. இரண்டு கிண்ணத்தை வாயோடு வாய் ஒட்டினால் பன்றியோ பானையோ பூசணியோ, அது குழந்தையின் இஷ்டம்.

இதில் நான் மிகவும் மதிக்கும் வேலை, கிழிப்பது. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கத்தரிக்கோல் இன்னும் வசப்படாது. இரண்டு கையையும் எதிரெதிராக இழுத்து, விரல் நுனியால் பிடித்து, நேராகக் கிழிப்பது அவர்களுக்குப் பெரிய வித்தை. செய்தித்தாள் ஒரு வாக்கில் நேராகக் கிழியும், இன்னொரு வாக்கில் கோணும். இதை நான் ஒருபோதும் சொல்லிக்கொடுப்பதில்லை. யாராவது ஒரு குழந்தை கண்டுபிடித்துக் கத்தும்.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைப் பற்றியும் பேச்சு வந்தது. அடியில் கனமான களிமண், மேலே லேசான காகிதம். கனம் அடியில் இருப்பதால் சாய்த்தாலும் எழுந்துவிடுகிறது. முட்டை ஓட்டின் ஒரு முனையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளதை எடுத்துக் கழுவிக் காயவைத்து, உள்ளே ஒரு கோலி அளவு களிமண்ணை அடியில் அழுத்திவிட்டு, மேலே காகிதத் தொப்பி ஒட்டினால் ஏழு வயதுப் பிள்ளை அதையே செய்துவிடும். மண்ணை ஒரு பக்கமாக ஒட்டிய பிள்ளையின் பொம்மை கோணலாக நிற்கும். ஏன் என்று அவனே தோண்டிப் பார்ப்பான்.

உள் ரேழியில் ஒரு அம்மா கண் எழுதிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். மூச்சை அடக்கி ஒரு இமைக்கோடு, அப்புறம் மூச்சு, அப்புறம் அடுத்த கோடு. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"உன் புள்ளைங்களுக்கு எத்தினி வயசுன்ன?"

"அஞ்சு, ஆறு வயசும்மா. பெரியவங்க எட்டு."

"ஆறு வயசுல என்னத் தறியில உக்கார வெச்சாங்க. கோர்வைக்கு அந்தாண்ட ஒரு ஆளு வேணுமில்ல."

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டும் சேருமிடத்தில் இழையோடு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் எல்லாவற்றையும் தள்ளி வாங்க முடியாததால், தறியின் ஓரத்தில் துணைக்கு ஒரு ஆள் உட்காரும். அந்த ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தையாக இருந்தது. சொந்த வீட்டுத் தறியாக இருந்தால் அப்பாவின் அதட்டல். முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளையாக இருந்தால் முதலாளி வீட்டுத் தறியில் கடன் தீரும்வரை. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துக்கும் இடம் இருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. வீடுதான் தறிக்கூடம் என்று இருக்கும் ஊரில் அந்த வாசல் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த அம்மா சொன்னது என்னைக் கொஞ்ச நேரம் பேசவிடவில்லை. பிள்ளைகள் கைவேலை கற்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். பிள்ளைகளின் கையை வேலைக்கு எடுத்துக்கொண்ட ஊரில் நின்று அதைச் சொல்லும்போது எதைச் சொல்கிறேன் என்று தெளிவாக இருக்க வேண்டும். 1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது கைத்தொழில்தான் பாடத்தின் நடு. கை கற்றால் மூளை கற்கும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். பிள்ளைகள் செய்த பொருளின் வருமானத்தில் பள்ளியை நடத்தலாம் என்ற பகுதியில் சம்மதம் இல்லை. 1953-ல் ராஜாஜியின் திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். இதே காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் தி.மு.க. எதிர்த்தது. அடுத்த வருஷம் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு எவ்வளவு நியாயம் என்று அன்று அந்த ரேழியில் இன்னொரு முறை உணர்ந்தேன். குயவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் மண் என்றால் அது விதி. எல்லாப் பிள்ளைக்கும் மண் என்றால் அது விளையாட்டு. அதனால் எங்கள் சனிக்கிழமையில் சில கட்டுப்பாடுகள் உண்டு: பிள்ளைகள் செய்ததை விற்பதில்லை, எத்தனை செய்தாய் என்று எண்ணுவதில்லை, பாதியில் எழுந்து ஓடினால் கூப்பிடுவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் திண்ணையில் சேர்ந்துவிட்டார்கள். பையில் அட்டைத் துண்டுகள் வைத்திருந்தேன், மேலும் கீழும் வெட்டு போட்டவை. காலையில் பிள்ளையார்பாளையத்தில் இறங்கி ஒரு தறி வீட்டில் கேட்டு வாங்கிய அறுந்த நூலும் ஒரு பிடி இருந்தது. வெட்டுகளில் நூலைச் சுற்றினால் பாவு. முனை மழுங்கிய ஊசியில் இன்னொரு நூலைக் கோத்து மேலே கீழே, மேலே கீழே என்று விட்டால் ஊடை. போகும்போது மேலே தாண்டிய இழைக்குத் திரும்பும்போது அடியில் நுழைய வேண்டும். மூன்று பேருக்கு அங்கேதான் குழம்பியது. நான் எடுத்துச் சொல்லச் சொல்ல இன்னும் குழம்பியது.

அந்த அம்மா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அட்டையை வாங்கி, பார்க்காமலே இரண்டு வரி ஓட்டினார். விரல் நூலைத் தேடவில்லை, நூல்தான் விரலுக்கு வந்தது. மூன்றாவது வரியைப் பாதியில் விட்டு ஒரு சிறுமியிடம் கொடுத்தார்.

"இப்ப நீ போ கண்ணு. தப்பா போனா பரவால்ல, பிரிச்சிக்கலாம்."

பட்டுத் தறியில் பிரித்துக்கொள்ளலாம் என்று இவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எடை போட்டுக் கொடுத்த பட்டு அது.

ஒரு பையனுக்கு மட்டும் நூல் பிடிக்கவில்லை. பொம்மைக்கார அண்ணன் வைத்திருந்த கூழில் ஒரு உருண்டை கேட்டான். கொட்டாங்குச்சி வேண்டாம், எதன்மேலும் ஒட்ட மாட்டேன் என்றான். உட்கார்ந்து ஒரு நாயைப் பிடித்தான். நான்கு காலும் நான்கு உயரம். வால் உடம்பை விடப் பருமன். உள்ளே கெட்டி. கட்டாயம் விரிசல் விடும். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து நீட்டினார். "வயித்துல அடிப்பக்கமா குத்தி கொஞ்சம் தோண்டுடா." பையன் தோண்டினான். தோண்டியதில் வந்த கூழை வீணாக்காமல் இன்னொரு காதாக ஒட்டினான். நாய்க்கு மூன்று காது ஆயிற்று. யாரும் திருத்தவில்லை.

நாயை நிழலில், தசாவதார செட்டின் மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் நடுவே வைத்தார்கள். மூன்று மணிக்குச் சொன்னபடி மேகம் வந்தது. தெருவே எழுந்து ஓடியது; சாக்கோடு சுருட்டி, முறத்தில் அள்ளி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எல்லாம் உள்ளே போயிற்று. நான் நாலு கிருஷ்ணனை அணைத்துக்கொண்டு ரேழியில் நின்றேன். ஐந்து நிமிஷத் தூறல்தான். நின்றதும் மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். அந்த அம்மா நாயின் அடி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஈரம் என்று சொல்லி, காற்றுப் படும் பக்கமாக மல்லாக்கத் திருப்பி வைத்தார்.