நித்திரை கொள்ளுறவன் சோம்பேறியா?

உடலும் ஆன்மாவும் வேறு வேறு என்று வாதாடிய டெக்கார்ட், இரண்டும் சந்திக்கிற இடம் எது என்ற கேள்விக்கு மூளைக்குள் ஒரு சின்னச் சுரப்பியைக் காட்டினார். பீனியல் சுரப்பி. மூளையின் மற்றப் பாகங்கள் சோடி சோடியாக இருக்க, இது மட்டும் தனியாக இருக்கிறதே என்பது அவருடைய நியாயம். 1649இல் வந்த புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். மெய்யியல் படிக்கிற நாங்கள் இந்த இடத்தில் ஒருக்கா சிரிச்சுப்போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

அந்தச் சுரப்பி இருக்கிற பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதற்குப் பெயர் டயன்செபலன். இரண்டு பெரிய அரைக்கோளங்களுக்கு அடியில், மூளைத்தண்டுக்கு மேலே, நட்டநடுவில் மறைந்து கிடக்கிறது. அதில் நாலு பகுதிகள்: தலமஸ், ஹைப்போதலமஸ், சப்தலமஸ், பீனியல் சுரப்பி அடங்கிய எபிதலமஸ். சப்தலமஸ் எங்கட அசைவுகளுக்குக் கடிவாளம் போடுகிறது. அது பழுதானால் ஒரு பக்கத்துக் கையும் காலும் கட்டுப்பாடில்லாமல் வீசி எறியத் தொடங்கும்.

தலமஸ் ஒரு வாசல். பார்ப்பது, கேட்பது, தொடுவது, சுவைப்பது எல்லாம் இங்கே வந்துதான் மேல்மூளைக்குப் போகின்றன. மணம் மட்டும் வேறு வழியால் போகிறது. நாங்கள் நித்திரை கொள்ளும்போது இந்த வாசல் முக்கால்வாசி சாத்தப்படுகிறது, முழுசா இல்லை. அதனால்தான் மழைச் சத்தத்தில் நல்லாத் தூங்குகிற ஒருவர், தன்ர பெயரைக் கூப்பிட்டவுடன் எழும்பிவிடுகிறார். யுத்த காலத்து இரவுகளைக் கடந்து வந்த எங்கட அம்மாமாரில் சிலர் இன்றைக்கும் கதவு தட்டுப்பட்டாலே திடுக்கிட்டு எழும்புகினம். அவையின்ர வாசலை முழுசாச் சாத்த அந்தக் காலம் விடவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

ஹைப்போதலமஸ் ஏறத்தாழ 4 கிராம்தான். பசி, தாகம், உடற்சூடு, ஹோர்மோன்கள் எல்லாம் இதன் பொறுப்பு. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடுகிற இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் கடிகாரமும் இதற்குள்தான் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிபார்க்கும். இருட்டினதும் அந்தச் செய்தி பீனியல் சுரப்பிக்குப் போகும், சுரப்பி மெலட்டோனினை விடும். அந்தப் பொருளை 1958இல்தான் பிரித்தெடுத்தார்கள். டெக்கார்ட் ஆன்மாவைத் தேடிய இடத்தில் இருந்தது, 'இரவாகிட்டுது' என்று உடம்புக்குச் சொல்கிற ஒரு சுரப்பி.

1962இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் மணிக்கூடு இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் இருந்தார். வெளியே வந்த நாள் செப்டெம்பர் 14. அவர் கணக்கில் அது ஓகஸ்ட் 20. மனம் கிட்டத்தட்ட 25 நாளைத் தொலைத்திருந்தது. ஆனால் உடம்போ 24 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய ஒரு சுற்றில் ஒழுங்காகத் தூங்கி எழும்பிக்கொண்டிருந்தது.

அதற்கும் முந்திய ஒரு கதை இருக்கிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு மூளை அழற்சி நோய் பரவியது. சிலர் நாள்கணக்காகத் தூங்கினார்கள், சிலருக்குத் தூக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளைகளை வியன்னாவில் ஆராய்ந்தவர் வொன் எக்கோனமோ. தூங்காதவர்களுக்கு ஹைப்போதலமஸின் முன்பக்கமும், தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு அதன் பின்பக்கமும் பழுதாகியிருந்ததைக் கண்டார். தூங்கவைக்க ஒரு இடம், விழிக்கவைக்க இன்னொரு இடம் என்று அவர் சொன்னதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின.

இப்ப எங்கட கதைக்கு வருவம். ஏ.எல். காலத்தில் விடியவெள்ளண ரியூசன். கம்பஸுக்கு வந்தால் சோதினைக்கு முதல்நாள் விடியும்வரை குப்பி, பிளேன்ரீ, போன் வெளிச்சம். நித்திரை முழிச்சுப் படிச்சவன் கெட்டிக்காரன், காலமை எட்டு மணிக்கும் படுத்திருக்கிறவன் சோம்பேறி. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகும், இருபதை அண்டும்வரை அப்படித்தான் இருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 4 கிராம் உறுப்பு செய்கிற வேலையை எங்கட குணமென்று எழுதி வைச்சிட்டினம்.

இதில் எல்லோரும் ஒரே மாதிரியும் இல்லை. சொந்த அறை உள்ளவருக்கு இருட்டு கிடைக்கும். நாலைந்து பேர் படுக்கிற விடுதி அறையில் யாரோ ஒருவருடைய லைட் எரிந்துகொண்டே இருக்கும். படிப்புச் செலவுக்கு இரவு வேலை செய்துவிட்டு, காலமை முதல் பஸ்ஸில் வருகிற நண்பர்கள் எங்களோடு இருக்கிறார்கள். விரிவுரையில் அவர்கள் கண்ணயர்ந்தால் 'அக்கறை இல்லை' என்று பெயர். அந்த நேரம் அவர்களுடைய தலமஸ் தன்ர வேலையைத்தான் செய்கிறது. கேட்கவேண்டியது, அவர்களின் இரவு எங்கே போனது என்பது.

உடம்பை அடக்கினால்தான் அறிவு வரும் என்று நம்புகிற பழக்கம் எங்களிடம் நிறைய இருக்கு. மூளையே அப்படிக் கட்டப்படவில்லை. மேலே இருக்கிற யோசனைகள் எல்லாம் கீழே இருக்கிற இந்த வாசலையும் கடிகாரத்தையும் நம்பித்தான் நிற்கின்றன. வருகிற சோதினைக்கு எங்கட குப்பியை இரவு பத்தரைக்கு முடிப்பது என்று கதைத்திருக்கிறோம். பாதிப்பேர் சம்மதம். மற்றப் பாதிப்பேர் இப்பவே எங்களைச் சோம்பேறிகள் என்று கூப்பிடத் தொடங்கிட்டினம்.